புனேவுக்கு ஒரே பார்சல்

அண்ணன் தம்பியை மன்னித்துவிடலாம். பங்காளியைக்கூட ஒரு கல்யாணம், ஒரு துக்கம் வரும்போது பார்த்து மன்னித்துவிடலாம். சகலையை மன்னிப்பது மட்டும் மனிதனால் ஆகாத காரியம். ஒரே வீட்டில் பெண் எடுத்துவிட்ட குற்றத்துக்காக, ஆயுள் முழுக்க இன்னொருவன் பக்கத்தில் நிறுத்தி வைத்து உயரம் பார்க்கப்படுகிற வாழ்க்கை அது.

நான் பொறாமைக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது இதை மனசுக்குள் எத்தனையோ முறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆண்டவரும் மன்னித்திருப்பார். ஆனால் அறிக்கை முடிந்து கண்ணைத் திறந்தால், இரண்டு பெஞ்சு முன்னால் எட்வின் புதுச்சட்டையில் உட்கார்ந்திருப்பான். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்வின் என் சகலை. என் மனைவி கிரேஸின் தங்கை ஷீபாவைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். மருந்து கம்பெனிப் பிரதிநிதி. டை கட்டுவான், பைக் வைத்திருந்தான், டாக்டர்களையே காக்க வைக்காமல் பார்த்துவிட்டு வருகிற வாய். நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்கும் ஒரு திறமை உண்டு. சுற்றறிக்கை எழுதுவேன். பார்வை, பொருள், நகல் என்று ஒன்றும் விடாமல் எழுதுவேன். (இந்தத் திறமைதான் பின்னால் என் மானத்தை வாங்கியது.)

எங்கள் மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு ரேங்க் போட்டே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கிடைத்த மாணவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர் வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. கறிக்குழம்பு ஆறும்வரை அவர் ஜெபம் பண்ணுவார். அந்த ஜெபத்தில்தான் ரேங்க் வெளியாகும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் இன்னும் எல்லார் சட்டைப் பையிலும் வராத காலம். இணையத்தில் பொருளை ஏலம் விட்டு விற்கிற ஒரு தளம் நம் பக்கம் அறிமுகமாகியிருந்தது. எட்வின் ஓய்வு நேரத்தில் அதில் மதுரைச் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்தான். சேலையை வாங்கியவர்கள் விற்றவனைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள். நல்லதாக எழுதினால் பச்சை அடையாளம், கெட்டதாக எழுதினால் சிவப்பு. எட்வினுக்கு எல்லாம் பச்சை.

டெல்லியில் ஓர் அம்மாள் அவனிடம் நாலு சேலையைத் தனித்தனியாக ஏலத்தில் எடுத்திருக்கிறாள். தளத்தின் கணக்குப்படி நாலு சேலைக்கும் தனித்தனித் தபால் செலவு. இவன் என்ன செய்தான் என்றால், நாலையும் ஒரே பார்சலாகக் கட்டி, ஒரு பார்சலுக்கு உண்டான செலவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த அம்மாள் உருகிப்போய், 'மதுரையில் ஒரு யோக்கியரைக் கண்டேன்' என்று எழுதிவிட்டாள். அதை அவன் அச்செடுத்துக்கொண்டு வந்து மாமாவிடம் காட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"ஆண்டவரே, கண்காணாத டெல்லியிலே இருக்கிற ஒரு சகோதரியும் மெச்சும்படியாக எங்கள் எட்வினை உண்மையும் உத்தமமுமாய் நடத்தி வருகிறீரே, அதற்காக ஸ்தோத்திரம். தபால் செலவிலேகூட அநியாயம் செய்யாத கரங்களை ஆசீர்வதியும். ஞானராஜையும் நினைத்தருளும். ஆமென்."

நினைத்தருளும்! ஆண்டவருக்கே மறந்துபோகக்கூடிய ஆசாமி நான். காய்கறிக்காரி கடைசியில் அள்ளிப் போடுகிற கொசுறுக் கறிவேப்பிலை மாதிரி என் பெயரைப் போட்டு ஜெபத்தை முடித்துவிட்டார். எனக்குக் குழம்பு இறங்கவில்லை. (மூன்று துண்டுதான் சாப்பிட்டேன். எட்வினுக்கு எத்தனை துண்டு விழுந்தது என்பதையும் எண்ணினேன். ஐந்து.)

மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பும்போது கிரேஸிடம் சொன்னேன்.

"நானும் ஆன்லைன்ல சேலை விக்கப் போறேன்."

பின்னாலிருந்து அவள் என் தோளைத் தட்டினாள். "ஏங்க, உங்களுக்குச் சேலையில கரை எது, முந்தி எதுன்னு தெரியுமா?"

"எட்வினுக்கு மட்டும் தெரியுமா?"

"அவருக்கு ஷீபா சொல்லுவா."

"நீ எனக்குச் சொல்லு."

"நான் சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் பொறாமை பிடித்தவன் காதில் நியாயம் எங்கே ஏறும்?

அவன் சேலை எடுக்கிற கடைக்கே நானும் போனேன். விளக்குத்தூண் பக்கம் ஜெகன் அண்ணே கடை. சௌராஷ்டிரக்காரர், தலைமுறையாகச் சுங்குடி வியாபாரம். "எட்வின் சாரோட சகலையா? அப்ப வாங்க வாங்க" என்று அவர் வரவேற்றதே எனக்குப் பிடிக்கவில்லை. நான் சேலை பொறுக்கும்போது அவரும் அவர் மனைவியும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். எட்வின் பொறுக்குகிற அழகையும் நான் பொறுக்குகிற அழகையும் ஒப்பிட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டதாம்.

படம் எடுக்க டிஜிட்டல் கேமரா வேண்டும். மதுரையில் எனக்குத் தெரிந்து அதை வைத்திருந்தவன் ஒருவன்தான். கேட்கக் கூசியது. வாயைத் திறப்பதற்குள் அவனே, "அண்ணே, ஷீபா சொன்னா. நீங்களும் ஆரம்பிக்கிறீங்களாமே! இந்தாங்க, வச்சுக்கங்க. பேட்டரி புதுசு போட்டிருக்கேன்" என்று கையில் திணித்தான். இதுதான் எட்வினிடம் இருக்கிற பெரிய சங்கடம். அவன் மட்டும் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் என் வாழ்க்கை எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

மாடிக் கொடியில் சேலைகளைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். காளவாசலில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் ஏற்றினேன். ஒரு மாதம் ஒருவரும் சீண்டவில்லை. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போவேன். என் பக்கத்தைப் பார்க்க அரை நிமிடம் ஆகும். மீதி நேரம் எட்வினின் பக்கத்தைப் பார்ப்பேன். இன்றைக்கு ஒரு பச்சை கூடியிருக்கிறது, நேற்றைக்கு இரண்டு. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வயிறெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் கடைசியில் எனக்கு விடிந்தது. ஒரே வாரத்தில் மூன்று சேலைகள் விற்றன. செல்வராணி என்ற அம்மாளுக்குக் கிளிப்பச்சை. தேஷ்பாண்டே என்ற அம்மாளுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. சேகர் என்பவருக்குக் கத்தரிப்பூ நிறம். அவர் மட்டும், 'என் தாயாருக்குப் பரிசு, நன்றாகக் கட்டி அனுப்பவும்' என்று கேட்டு, ஆபீஸ் முகவரி கொடுத்திருந்தார். மூன்று முகவரியையும் எழுதிக்கொண்டு வந்தேன். மூன்றின் கடைசி வரியும் புனே.

அந்த நொடியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. எட்வின் என்ன பெரிதாகச் செய்தான்? ஒரே ஆள் வாங்கிய நாலு சேலையை ஒரே பார்சலில் போட்டான். இதை எவனும் செய்வான். ஒரே ஊரில் இருக்கிற மூன்று ஆளுக்கு ஒரே பார்சல் போட்டால்?

நம் ஊர் வழக்கம்தானே அது. யாராவது மெட்ராஸுக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும். முதல் நாளே ஆளாளுக்கு ஒரு பையோடு வந்துவிடுவார்கள். 'இது அண்ணாநகர்ல எங்க மச்சானுக்கு, இது தாம்பரத்துல சித்திக்கு, போற வழியில குடுத்துருங்க.' அவரும் தன் வேட்டி சட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டு முறுக்கையும் மாத்திரையையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். யாராவது இதுவரை தபால் செலவு கேட்டதுண்டா?

இருந்தாலும் பொறுப்பாகச் செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூட நூலகத்தில் அட்லஸை எடுத்துப் பார்த்தேன். புனே ஒரு புள்ளி. மிளகை விடச் சின்னது. மூன்று பேரும் அந்த ஒரு புள்ளிக்குள்தான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஊர்க்கணக்கில், பசுமலைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் உள்ள தூரம் இருந்தால் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூவருக்கும் மின்னஞ்சல் போட்டேன். தபால் செலவில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், மீதியைத் திருப்பி அனுப்புகிறேன் என்று. எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. மூவரும் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். செல்வராணியின் பதிலில் 'ரொம்ப நன்றி அண்ணா' என்று இருந்தது. அண்ணா என்று சொல்லிவிட்டாளே! அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று சேலையையும் அவளுக்கே அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

அதோடு விட்டேனா? என் குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஆபீஸ் தட்டச்சில் ஒரு தாள் அடித்தேன். தலைப்பு: 'சேலைகள் விநியோகம் – ஒப்புகைப் பட்டியல்.' வரிசை எண், பெறுநர் பெயர், முகவரி, நிறம், கையொப்பம், குறிப்பு என்று ஆறு பத்தி. சேகர் பெயருக்கு நேராகக் குறிப்பு என்ற இடத்தில், 'தாயாருக்கு' என்று சுத்தமாக அடித்தேன். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்ப வசதியாக, என் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்றும் வைத்தேன்.

அப்போதெல்லாம் பார்சல் என்றால் துணியில் பொதிந்து தைத்து, தையல் மேல் அரக்கு வைக்க வேண்டும். கிரேஸ்தான் தைத்தாள். மூன்று சேலையையும் பார்த்துவிட்டுத் தைப்பதை நிறுத்தினாள்.

"மூணு பேருக்குன்னு சொன்னீங்க. ஒரே பொட்டலமா இருக்கு?"

விளக்கினேன். பெருமையோடுதான்.

"இது சரியா வருமாங்க? முன்னப்பின்ன தெரியாத பொம்பளை, எதுக்குங்க அவ அடுத்தவங்க சேலையத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"எட்வின் செஞ்சா மூளை. நான் செஞ்சா மட்டும் சரியா வருமாங்கன்னு கேப்ப!"

அவள் ஊசியை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். நூலை ஒவ்வொரு முறை இழுத்தபோதும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற இரண்டையும் சேர்ப்பிக்கச் சொல்லி செல்வராணிக்குப் பார்சலில் ஒரு கடிதம் வைத்தேன்; அதில் தொடர்புக்கு மாமா வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். என் வீட்டில் போன் இல்லை என்பது உண்மை. ஆனால் பள்ளிக்கூட எண்ணைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. புனேயிலிருந்து என்னைப் புகழ்ந்து வரப்போகிற போனை மாமாதான் எடுக்க வேண்டும். அச்செடுத்த காகிதத்தைவிட வாய்ச்சொல்லுக்கு ரேங்க் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் கணக்கு. 'ஞாயிறு மதியம் பேசுவது உசிதம்' என்று அடிக்கோடு வேறு போட்டேன்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. இலையில் சோறு விழுந்துவிட்டது, ஜெபம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அந்த போனில் ஸ்பீக்கர் எப்போதும் போட்டே இருக்கும்.

"ஹலோ, அங்க ஞானராஜ்னு யாரு?" ஒரு பெண் குரல்.

"எங்க மூத்த மாப்ளதாம்மா. நீங்க யாரு?"

"நான் புனேல இருந்து செல்வராணி பேசுறேன். சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம். கட்டிக்கிட்டு இங்க வந்து இருவது வருசமாச்சு."

வந்துவிட்டது! நான் எழுந்து நின்றுவிட்டேன். "மாமா, நம்ம கஸ்டமர்" என்றேன். எட்வின் காதிலும் நன்றாக விழட்டும் என்று நானே போய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன்.

"அய்யா, உங்க மாப்ள நல்லா இருப்பாரு" என்றது ஸ்பீக்கர். மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "ஆனா என்னைய என்ன தபால்காரின்னு நெனச்சுக்கிட்டாரா?"

மாமாவின் தலை அசைவு நின்றது.

"ஒரு சேலைதாங்கய்யா வாங்குனேன். பிரிச்சா மூணு சேலை இருக்கு, ஒரு லெட்டரு இருக்கு, பரீட்சைப் பேப்பர் மாதிரி ஒரு தாளு வேற இருக்கு. கையெழுத்து வாங்கி அனுப்பணுமாம். வேற ஊர்க்காரியா இருந்தா தூக்கி மூலையில எறிஞ்சிருப்பா. நமக்கு மனசு கேக்குமா? ஊர்ல இருந்து ஒருத்தர் நம்பிக் குடுத்துவிட்டத எப்படிக் குடுக்காம இருக்கிறது? தேஷ்பாண்டே வீட்டுக்கு மூணு பஸ்ஸு மாறிப் போனேன். அம்புட்டுத் தூரம்! மூணாவது பஸ்ஸு பாதியில நின்னுபோச்சு."

"அப்புறம்?" இது எட்வின். அவன் நாற்காலியை போன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தான்.

"அப்புறம் என்ன, மறைக்க மாட்டேன். அந்த மஞ்சச் சேலையப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. எனக்கு வெறும் பச்சை, அவளுக்கு மட்டும் அம்புட்டு அழகா அரக்குக் கரையா? தனியா வந்திருந்தா என் பச்சையே எனக்கு அழகாத்தான் இருந்திருக்கும். பக்கத்துல வச்சுப் பாத்ததும் வயிறு எரிஞ்சுபோச்சு. பஸ்ஸு சார்ஜுக்கும் கால் வலிக்கும் ஈடா மஞ்சள நான் வச்சுக்கிட்டேன். பச்சைய அவகிட்டக் குடுத்துட்டேன். அந்தம்மா நல்ல மாதிரி. குடிக்கத் தண்ணியெல்லாம் குடுத்தாங்க."

இந்த இடத்தில் நான் என்னையே நொந்துகொண்டதைச் சொல்லி மாளாது. பொறாமையில் கரை கண்டவன் நான். இரண்டு மருமகன்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று தினம் தினம் அனுபவித்தவன். இரண்டு சேலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!

செல்வராணி இன்னும் முடிக்கவில்லை.

"அதக்கூட விடுங்க. அந்தச் சேகரு ஆபீசுக்குப் போனா அன்னைக்கு லீவு. வாட்ச்மேன்கிட்டக் கேட்டு வீட்டு அட்ரஸ் வாங்கி, இம்புட்டு வெயில்ல வீட்டுக்கே போயிட்டேன். அவரு இல்ல. சம்சாரம் இருந்துச்சு. தமிழ்க்காரப் பொண்ணுதான். சேலையக் குடுத்துட்டு, கையெழுத்துப் போடும்மான்னு தாள நீட்டுனேன். அது வரிசையா படிச்சுக்கிட்டே வந்து, 'தாயாருக்கு'ங்கிற இடத்துல நின்னுருச்சு. 'எங்க கல்யாண நாளைக்கு ஒரு கர்ச்சீப் வாங்கித் தரல, அவங்கம்மாவுக்கு மட்டும் திருட்டுத்தனமாச் சேலையா'ன்னு அந்தப் பொண்ணு அழுகுது. நான் சமாதானம் பண்றேன். அந்நேரம் பாத்து அந்த மனுசன் உள்ள வாரான். நான் எப்படிங்கய்யா வெளிய வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்!"

ஷீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். கிரேஸ் என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைக்கப் போய், தவறிப்போய் இன்னும் கூட்டிவிட்டேன்.

"ஞானராஜ் அண்ணனைக் கூப்பிடுங்க. நாலு கேள்வி கேக்கணும்" என்று அது பக்கத்து வீடுவரை கேட்கும்படி சொன்னது.

நான் போனைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். எட்வின்தான் போன் பக்கம் குனிந்தான்.

"அக்கா, நான் எட்வின் பேசுறேன். அவரோட சகலை. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. சாப்பிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல தம்பி." குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"இவ்வளவு அலைஞ்சிட்டு இன்னும் சாப்பிடலையா? மஞ்சச் சேலை உங்களுக்குத்தான், அதுல பேச்சே இல்ல. அந்தம்மாவுக்கு அதே மாதிரி ஒண்ணு நான் அனுப்புறேன். சேகர் வீட்டு நம்பர் மட்டும் தர்றீங்களா?"

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான். தேஷ்பாண்டே அம்மாளுக்கு மறுநாளே மாம்பழ மஞ்சள் போனது. சேகரின் மனைவிக்கு ஒரு சேலை போனது. மாமியாருடையதைவிட இரண்டு விரல் அகலமான கரை! (அந்த இரண்டு விரலை யோசிக்கிற மூளையை நான் எந்தக் கடையில் வாங்குவது?) அதற்கான காசை நான் கொடுக்கப் போனபோது வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதை மாமா வேறு பார்த்துவிட்டார்.

என் விளக்கத்தை எல்லாம் கேட்டுவிட்டு மாமா என்னிடம் அன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாப்ள, அட்லஸ்ல புள்ளியப் பாத்தேன்னு சொன்னீங்க. கீழ ஓரத்துல ஸ்கேல்னு ஒண்ணு போட்டிருப்பாங்களே, அதப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கணக்கு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட எட்டாம் வகுப்புப் பையனைப் போல இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காளவாசலுக்குப் போனேன். என் பக்கத்தில் முதல் முறையாக ஓர் அடையாளம் இருந்தது. சிவப்பு. தேஷ்பாண்டே அம்மாள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'சேலை வந்தது. நான் வாங்கிய சேலை அல்ல. அதைக் கொண்டுவந்து தந்த பெண் மிக நல்லவள்.' ஆயுளில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு மதிப்பீடு. அதிலும் பாராட்டு வேறொருத்திக்கு.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஜெபத்தில் என் பெயர் கொசுறாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாமா விரிவாகவே சொன்னார். சகோதரனுடைய பாரத்தைச் சுமந்த எட்வினுக்காக ஸ்தோத்திரம். வெயிலில் அலைந்த புனே சகோதரிக்காக ஸ்தோத்திரம். சேகர் குடும்பத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம். அதற்குப் பிறகு, 'அறியாமையினாலே செய்கிறவர்களுக்காக' என்று ஒரு நீண்ட பகுதி. பெயர் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததை, ஒரு கண்ணைத் திறந்து நானும் பார்த்தேன்.

இத்தோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். தை மாதம் எட்வினிடமிருந்து கேள்விப்பட்டேன், செல்வராணி அவனுடைய நிரந்தர வாடிக்கையாளர் ஆகிவிட்டாளாம். புனேயில் அவளுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடம் எல்லாம் சொல்லி, பத்துச் சேலை, பதினைந்து சேலை என்று கேட்டு வாங்குகிறாள். எல்லாம் அவள் பெயருக்கே போகும். அவளே வீடு வீடாகக் கொடுத்துவிடுவாள். தபால் செலவு ஆளுக்குக் கொஞ்சம்தான் விழும். அவளுக்கும் ஒரு சேலை இலவசம்.

"ஒரு ஊருக்கு ஒரே பார்சல்! இது என் யோசனைடா!" என்று வீட்டுக்குள் குதித்தேன்.

"உங்க யோசனைதான். அவரு மொதல்ல அந்தம்மாகிட்டக் கேட்டாரு" என்றாள் கிரேஸ்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. தளத்தில் என் கணக்கை அந்த ஒற்றைச் சிவப்போடு மூடிவிட்டேன். ஆனால் குடும்பத்தில் மூட விடவில்லை. யாராவது ஒருவர் கையில் இரண்டு வீட்டுப் பலகாரத்தைக் கொடுத்துவிட்டால், "ஞானராஜ் பார்சலா?" என்று கேட்கிறார்கள். என் மகன் கல்யாணத்தில் பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக ஆள் பிரித்தபோது, வருங்காலச் சம்பந்தி, "கையெழுத்துப் போட தாள் எதுவும் உண்டுங்களா சம்பந்தி?" என்று கேட்டார். அவருக்கு யார் சொன்னது என்று விசாரிக்கத் தேவையே இல்லை. எட்வின்தான்.

எந்த விசேஷத்திலும் பந்தி முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அவனைச் சொல்லச் சொல்வார்கள். அவன் செல்வராணியின் குரலில் பேசுவான். பஸ் பாதியில் நிற்கிற சத்தம் போடுவான். சேகர் உள்ளே வந்ததும் விழித்த விழியை விழித்துக் காட்டுவான். (அந்த விழியை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.) நான் ஸ்பீக்கரைக் கூட்டுகிற இடம் வந்தால் சின்னப் பிள்ளைகள் தரையில் விழுந்து உருளும். எனக்கும் சிரிப்பு வரும். அதைவிட அதிகமாக வயிறு எரியும். பச்சை அடையாளம் போனது, ஜெபம் போனது, யோசனை போனது. போகட்டும். நான் பட்ட அவமானமாவது என்னுடையதாக இருக்க வேண்டாமா? அதையும் அவனல்லவா எடுத்து வைத்துக்கொண்டு கைத்தட்டல் வாங்குகிறான்?

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடந்தது எனக்கு, நான் சொன்னால்தானே முறை. நாலு நாள் அடித்துத் திருத்தி எழுதி, நேற்று கிரேஸுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். நடு நடுவே சிரித்தாள். முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "ஆனா எட்வின் சொல்ற மாதிரி வரல."